முகப்பரு மருந்தும் முதுகு நோவும்

சென்ற ஆண்டு விழாவுக்கான நாடக ஒத்திகை நடைபெற்றுக்கொண்டிருந்த ஒரு மார்கழி மாதச் சனிக்கிழமை. மேல்வகுப்பு மாணவன் ஒருவன் அரைமணி நேரத்துள் மூன்று தடவை கதிரையை விட்டு எழுந்தான். எழுந்தவன் சுவரிற் சாய்ந்து, கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றான். ஊரில் எட்டு ஆண்டுகள் விஞ்ஞான ஆசிரியனாக இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் இலேசில் விடுமா? "நிமிர்ந்து இரு தம்பி. பதினாறு வயதில் என்ன கிழவனைப் போல?" என்று கடிந்துகொண்டேன். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "நாரி உளையுது சேர்" என்று மெல்லச் சொல்லிவிட்டு அமர்ந்தான். அதனை ஒரு சாட்டு என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரங்களின் பின் அவன் நாடகத்திலிருந்து விலகிக்கொள்வதாகச் சொன்னான். வாட்போர்க் காட்சியில் துள்ளிப் பாயவேண்டிய போர்வீரன் பாத்திரம் அவனுடையது. தனியே அழைத்து விசாரித்தபோதுதான் உண்மை வெளிவந்தது. புரட்டாதி மாதத்திலிருந்து முகப்பருவுக்காக அவன் கப்சியூல் மருந்து எடுத்து வருகின்றான். அந்த மருந்தால் முதுகு நோ வரலாம் என்பதைப் பெட்டிக்குள் இருந்த தாளில் அவனே வாசித்து அறிந்திருக்கின்றான். வீட்டிற் சொன்னால் அம்மா மருந்தை நிறுத்திவிடுவார், நிறுத்தினால் முகம் பழையபடி ஆகிவிடும் என்று அஞ்சி, நோவைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கின்றான்.

அதற்கு முந்திய ஆண்டு மலரில் வந்த வகுப்புப் படத்தை எடுத்துப் பார்த்தேன். கடைசி வரிசையில், நண்பனின் தோளுக்குப் பின்னால் முகத்தின் பாதியை மறைத்துக்கொண்டு நின்றிருந்தான். அந்தப் படத்தை எடுத்தவன் நானே. அன்று அது என் கண்ணிற் படவில்லை.

மாணவனும் அவனது பெற்றோரும் இசைவு தந்தபடியால், பெயர் குறிப்பிடாது இதனை எழுதுகின்றேன். எம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று இதே மருந்துப் பெட்டி குளிரூட்டிக்கு மேலேயோ பிள்ளையின் மேசை இலாச்சிக்குள்ளேயோ இருக்கின்றது. அதனைப் பற்றித் தாய்மொழியில் நாலு விடயம் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் பருவைப் பற்றி. எமது தோலில் உள்ள ஒவ்வொரு மயிர்ப்புடைப்புடனும் ஒரு நெய்ச்சுரப்பி இணைந்துள்ளது. பருவ வயதில் ஓமோன்களின் தூண்டலால் இச்சுரப்பிகள் பருத்து, தேவைக்கு மேலாக நெய்யைச் சுரக்கின்றன. அதே வேளை புடைப்பின் வாயிலில் இறந்த தோற்கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தக்கை போல அடைத்துக்கொள்கின்றன. அடைபட்ட நெய்யிலே, வழக்கமாகத் தோலில் வாழும் ஒருவகைப் பற்றீரியா பெருகுகின்றது, அழற்சி உண்டாகின்றது. அதுவே பரு. முகம் கழுவாமையாலோ, தலைக்கு எண்ணெய் வைத்தமையாலோ, 'கண்டதையும் தின்றமையாலோ' வந்த தண்டனை அன்று. நாள் முழுதும் முகத்தைத் தேய்த்துக் கழுவினால் தோல் மேலும் சினக்குமேயொழியப் பரு போகாது. சிலருக்குப் பரு மேலாகத் தோன்றி மறையும். வேறு சிலருக்கு ஆழத்திற் கட்டிகளாகி, ஆறியபின்பும் குழிகளையும் தழும்புகளையும் விட்டுச் செல்லும். இந்த இரண்டாம் வகையினரை 'வயது போகப் போகும்' என்று சொல்லி வைத்திருப்பது பெரும் பிழை. தழும்பு வயதோடு போவதில்லை.

இந்நாட்டில் வைத்தியர்கள் முதலிற் பூசு மருந்துகளைத் தருவர். அவை போதாவிடில் தெற்றாசைக்கிளின் குடும்பத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசைகளைச் சில மாதங்களுக்குக் கொடுப்பர். அதற்கும் அடங்காத கடும் பருவுக்கே, தோல் வைத்திய நிபுணரின் மேற்பார்வையில், ஐசோற்றெற்றினோயின் என்னும் மருந்து கொடுக்கப்படும். அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டு இதற்கு அனுமதி கிடைத்தது. இங்கே றோஅக்கியூற்றேன் என்ற வணிகப் பெயரில் பலரும் இதனை அறிவர். இப்போது வேறு பெயர்களிலும் இதே மருந்து வருகின்றபடியால், பெட்டியின் முகப்பில் உள்ள பெரிய எழுத்தை மட்டுமன்றிச் சிறிய எழுத்தையும் பார்க்க வேண்டும்.

ஐசோற்றெற்றினோயின் விற்றமின் ஏயின் வழிவந்த ஓர் இரசாயனப் பொருளாகும். அது நெய்ச்சுரப்பியையே சுருங்கச் செய்கின்றது, நெய் குறைகின்றது, தக்கை அடைப்பதும் குறைகின்றது, பற்றீரியாவுக்கு உணவும் இருப்பிடமும் இல்லாது போகின்றன. பருவின் காரணங்கள் யாவற்றையும் ஒருசேரத் தாக்கும் மருந்து வேறொன்று இல்லை எனலாம். பலருக்கு ஒரு தடவைச் சிகிச்சையுடன் பல்லாண்டு நிவாரணம் கிடைக்கின்றது. ஆகவே இதனை நஞ்சு என்று ஒதுக்குவதற்காக நான் எழுதவில்லை.

மருந்தின் அளவு உடல் நிறையைப் பொறுத்தது. வழக்கமாக நாளொன்றுக்கு, நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.5 மில்லிகிராம் எனத் தொடங்கி, தாங்குவதைப் பொறுத்து 1 மில்லிகிராம் வரை உயர்த்துவர். முழுச் சிகிச்சைக்கும் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் வரை இலக்கு. கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் செய்து பார்க்கலாம்: 60 கிலோ நிறையுள்ள ஒருவன் நாளுக்கு 30 மில்லிகிராம் எடுத்தால், 7200 மில்லிகிராம் என்ற இலக்கை எட்ட 240 நாட்கள் வேண்டும். 60 மில்லிகிராம் எடுத்தால் 120 நாட்கள் போதும். அளவைக் குறைத்தால் நாள் கூடும், அவ்வளவுதான். இந்தச் சிறு கணக்கு இக்கதையிற் பின்னர் உதவப்போகின்றது.

இனி முதுகுக்கு வருவோம்.

இம்மருந்தை எடுப்போரில் ஏறக்குறைய எல்லோருக்கும் உதடு காய்ந்து வெடிக்கும். கண் உலர்தல், மூக்கிலிருந்து இரத்தம் கசிதல், தோல் மென்மையாகி வெயிலிற் கருகுதல் ஆகியனவும் உண்டு. இவற்றைக் கண்ணாற் காணலாம். ஆதலால் பெற்றோர் அறிவர். காணமுடியாதது தசைநோவும் மூட்டுநோவும் முதுகுநோவும். இந்நாட்டு மருந்துத் தாளில் இவை 'மிகப் பொதுவானவை', அதாவது பத்துப் பேரில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு வரக்கூடியவை என்ற பகுதியிலேயே உள்ளன. சிறுவரிலும் பதின்ம வயதினரிலும் முதுகுநோ குறிப்பாக வரும் என்றும் அங்கே எழுதப்பட்டுள்ளது. அமெரிக்காவில் வெளியிடப்படும் மருந்துக் குறிப்பில் எண்களே உள்ளன. 12 முதல் 17 வயது வரையான 358 பேர் இம்மருந்தை எடுத்தபோது 104 பேருக்கு, அதாவது 29 சதவீதத்தினருக்கு முதுகுநோ ஏற்பட்டது. அந்த 104 பேரில் 14 பேருக்கு அது கடுமையாக இருந்தது. ஆண்பிள்ளைகளிலும் பெண்பிள்ளைகளிலேயே கூடுதலாகக் காணப்பட்டது. மூட்டுநோ 79 பேருக்கு.

இந்த 104 பேரில், மருந்து எடுக்காவிட்டாலும் முதுகு நொந்திருக்கக்கூடியவர்களும் இருப்பர் என்பதை மறத்தலாகாது. பதினைந்து கிலோ புத்தகப்பையும், கூனிக் குனிந்து பார்க்கும் கைத்தொலைபேசியும் உள்ள உலகமல்லவா! ஆயினும் மூவரில் ஒருவருக்குக் கிட்டிய தொகை 'சாட்டு' என்று தள்ளிவிடக்கூடியதன்று. நான் தள்ளிவிட்டேன்.

விற்றமின் ஏயின் குடும்பம் என்பு, தசை ஆகியவற்றின் கலங்களிலும் வேலை செய்கின்றது. அளவுக்கு மிஞ்சிய விற்றமின் ஏ என்புநோவை உண்டாக்கும் என்பது மருத்துவத்துக்குப் பழைய செய்தி. ஒல்லாந்த மாலுமி வில்லம் பாரென்ற்சின் ஆட்கள் 1597இல் வட துருவப் பகுதியிற் சிக்குண்டு, பசிக்குப் பனிக்கரடியின் ஈரலைத் தின்று கடும் நோயுற்றனர்; சிலரின் தோல் உரிந்தது. அந்த ஈரலில் இருந்த நஞ்சு வேறெதுவுமன்று, மட்டுமீறிய விற்றமின் ஏயே என்பது 1943இல்தான் ஆய்வுகூடத்திற் காட்டப்பட்டது. (ஊரில் இக்கதையைச் சொல்லித்தான் ஈரலின் தொழில்களைப் படிப்பிப்பேன். அந்தப் பாடத்தை மட்டும் எவரும் மறந்ததில்லை.)

கடின உடற்பயிற்சியும் இம்மருந்துடன் நன்கு ஒத்துப்போவதில்லை. மருந்து எடுக்கும் காலத்தில் பாரம் தூக்குதல், நெடுந்தூரம் ஓடுதல் போன்றவற்றைச் செய்வோரின் இரத்தத்தில், தசை சிதைவதைக் காட்டும் ஒரு நொதியத்தின் அளவு உயர்வதுண்டு. மருந்துத் தாளும் கடும் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளும்படியே கூறுகின்றது. எமது மாணவனோ அந்த மாதங்களிற்றான் பாடசாலை உடற்பயிற்சிக் கூடத்திற் பாரம் தூக்கத் தொடங்கியிருந்தான். முகம் தெளிகின்ற நாளில் உடம்பும் தெளியட்டும் என்று எண்ணினானாம். போதாததற்கு நானும் வாளைக் கொடுத்துப் பாயச் சொல்லியிருந்தேன்.

இவ்வளவும் எப்படித் தாய்க்குத் தெரியாமற் போயிற்று? இதுவே எனக்கு மிகவும் உறுத்தலான இடம்.

தாய் சிகிச்சை நிலையத்துக்குப் போகாமல் இருக்கவில்லை. வேலைக்கு லீவு எடுத்துக்கொண்டு மகனுடன் போனவர். அங்கே மகனே மொழிபெயர்ப்பாளன். வைத்தியர் நீண்ட நேரம் விளக்கினார். மகன் தாய்க்குச் சொன்னதோ ஒரே வசனம்: "உதடு காயுமாம், இரத்தம் சோதிப்பினமாம்." முதுகுநோவும் அதில் இல்லை, மனச்சோர்வும் இல்லை. தாயுடன் பேசியபோது அவர் என்னிடம் சொன்னது இது: "மாஸ்ரர், எனக்கு உதொண்டும் தெரியாது. முகத்துக்கு ஏதோ குளிசை எண்டுதான் சொன்னவன். நாரி நோ எண்டபடியால் நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசி விட்டனான். மீனெண்ணெய்க் குளிசையும் வாங்கிக் குடுத்தனான்."

மீனெண்ணெய்! நான் திடுக்கிட்டேன். ஊரில் எலும்புக்கும் நெஞ்சுச் சளிக்கும் எமது தாய்மார் அன்போடு ஊட்டிய அதே கொட் மீன் ஈரல் எண்ணெய். அதில் விற்றமின் ஏ நிறைய உண்டு. ஐசோற்றெற்றினோயின் எடுக்கும் ஒருவர் விற்றமின் ஏ அடங்கிய எதனையும் மேலதிகமாக எடுத்தல் கூடாது. எந்த நோவைத் தீர்க்க அந்தத் தாய் காசு கொடுத்து வாங்கினாரோ, அந்த நோவையே அது கூட்டக்கூடியது. அவரைக் குறை சொல்ல எவருக்கும் வாயில்லை. அவருக்குத் தெரிவிக்கப்படாத ஒரு செய்தியின் விளைவு அது. (முருங்கையிலை, கரட், மாம்பழம் ஆகியவற்றை உண்பதிற் பிழையில்லை. அவற்றிலிருந்து உடல் தனக்கு வேண்டிய அளவையே விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்ளும். குளிசையாகவும் ஈரல் எண்ணெயாகவும் வருவதே சிக்கல்.)

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வைத்தியசாலையிலும் குடும்ப வைத்தியரிடமும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம், அதற்குக் காசில்லை. சந்திப்புக்கான நாள் குறிக்கும்போதே 'தமிழ்' என்று சொல்லி வைத்தாற் போதும். 'எனக்கு விளங்கும்' என்று கௌரவத்துக்காகச் சொல்லிவிட்டுப் பிள்ளையின் வாயைப் பார்த்திருப்பது எமக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. நானும் வந்த புதிதில் அப்படியே இருந்தவன்தான். சொல்ல விரும்பாத நோயாளியையே சொல்லும் வேலைக்கு அமர்த்தினால் பாதிதான் வந்து சேரும்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதுகு நொந்தால் மருந்து நின்றுவிடும் என்று அஞ்சுகின்றீர்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வைத்தியர் முதலிற் செய்யக்கூடியது அளவைக் குறைப்பது. மேலே செய்த கணக்கை நினைவுகூருங்கள்: அளவு குறைய நாட்கள் கூடும், இலக்கு மாறாது. இந்த மாணவனுக்கும் அதுவே நடந்தது. பாரம் தூக்குவதை நிறுத்தினான், மீனெண்ணெய் நின்றது, நாளுக்குரிய அளவை வைத்தியர் குறைத்தார். சிகிச்சை இரண்டு மாதங்கள் நீண்டது. நோ முதலிற் தணிந்து, மருந்து முடிந்து சில வாரங்களில் முற்றாக நீங்கியது. நாடகத்தில் அவனைப் போர்வீரனிலிருந்து அரசவைத் தூதுவனாக மாற்றினோம். நின்று பேசும் பாத்திரம்; வசனமும் அதிகம்.

சாதாரண நோவுக்குப் பரசிற்றமோல், இலேசான நடை, வெந்நீர்க் குளிப்பு ஆகியன போதுமாக இருக்கலாம். எதனை எடுப்பதென்றாலும் மருந்தாளரைக் கேட்டு எடுங்கள். ஆனாற் சில நோக்கள் சாதாரணமானவையல்ல. இரவிலும் ஓய்விலும் கூடி, காலையில் நாரியும் பிட்டமும் விறைத்து, நடமாட நடமாடத் தளர்கின்ற நோ, இடுப்பென்பும் முள்ளந்தண்டும் சேரும் மூட்டின் அழற்சியாக இருக்கலாம். இம்மருந்துடன் தொடர்புபட்டு அது வந்ததாகப் பதிவுகள் உள்ளன. அவ்வாறான நோ வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். தசைகள் கடுமையாக நொந்து, சிறுநீர் பால் கலவாத தேநீரின் நிறத்திற் போனால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். காலிற் பலம் குன்றினாலோ, இருக்கும் இடம் மரத்துப் போனாலோ, சிறுநீர் மலத்தை அடக்க இயலாவிட்டாலோ, எந்த மருந்து எடுப்பவராயினும் எடுக்காதவராயினும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போகவேண்டும். கடும் தலையிடியும் வாந்தியும் பார்வை மங்கலும் சேர்ந்து வருவது மண்டையினுள் அமுக்கம் உயர்ந்ததன் அறிகுறியாகலாம். முன்னர் கூறிய தெற்றாசைக்கிளின் வகைக் குளிசைகளை இதனோடு சேர்த்து எடுக்கக்கூடாது என்பதன் காரணமும் அதுவே. பழைய குளிசை மிச்சம் இருக்கின்றதே என்று விழுங்கிவிடாதீர்கள்.

மனத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மருந்து எடுக்கும் பிள்ளை வழக்கத்துக்கு மாறாக ஒதுங்கினாலோ, உறக்கமின்றித் தவித்தாலோ, வாழ்வில் வெறுப்பாகப் பேசினாலோ, அதனை 'வயதுக்கோளாறு' என விட்டுவிடாது உடனே வைத்தியரிடம் கூறவேண்டும். இந்நாட்டில் 2023 ஐப்பசியில், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு இம்மருந்தைத் தொடங்குவதற்கு இரண்டு மருத்துவ அலுவலர்கள் உடன்படவேண்டும் என்ற விதி கொண்டுவரப்பட்டது; மனநிலை பற்றி முன்கூட்டியே பேசவும் வேண்டும். பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, கருவுற்ற வேளையில் இம்மருந்து உடலில் இருந்தால் குழந்தைக்குப் பாரதூரமான ஊனங்கள் நேரும். அதனால் வைத்தியர் அவர்களிடம் சில கேள்விகளைக் கட்டாயம் கேட்பார். எமது பண்பாட்டில் அவை கூச்சமான கேள்விகள்தாம். உங்கள் மகளைச் சந்தேகித்து அவர் கேட்பதில்லை. எல்லோரிடமும் கேட்பார். இம்மருந்தை எவரும் மற்றவருடன் பகிர்ந்துகொள்ளலாகாது என்பதற்கும் இது பெரிய காரணம்.

சைவ உணவுக்காரர் சிலர் என்னிடம் கேட்டதற்காக ஒன்று: கப்சியூலின் கூடு விலங்கிலிருந்து பெறும் ஜெலற்றினாற் செய்யப்படுவது. சில வகைகளுள் சோயா எண்ணெயும் உண்டு. கச்சான், சோயா ஒவ்வாதவர்கள் தொடங்குமுன்னே சொல்லவேண்டும். மருந்தை உணவோடு எடுத்தாலே உடலிற் சரியாகச் சேரும். விரத நாட்களில் வெறும் வயிற்றில் விழுங்குவதாற் பயன் குறையும்.

பக்கவிளைவு கண்டால் அதனை அரசுக்கு அறிவிக்கும் ஓர் ஏற்பாடும் இங்கு உண்டு. மஞ்சள் அட்டைத் திட்டம் என்பது அதன் பெயர். தலிடோமைட் என்னும் மருந்தினாற் குழந்தைகள் ஊனமுற்றுப் பிறந்த பெருந்துயரின் பின், 1964இல் தொடங்கப்பட்டது. முன்னர் வைத்தியர்கள் மட்டுமே எழுதுவர். இப்போது நோயாளரும் பெற்றோரும் கணினி மூலமாகவே எழுதலாம். இந்த மாணவனும் தாயும் பாடசாலை முடிந்த ஒரு மாலையில், எமது நூலக அறையிலிருந்த கணினியில் அதனை நிரப்பினர். மகன் தட்டச்சுச் செய்தான். நோ தொடங்கிய நாள் எதுவென்ற வினா வந்தபோது அவன் கையை நிறுத்திவிட்டு யோசித்தான். தாய் யோசிக்கவில்லை. "கந்தசட்டி அஞ்சாம் நாள். அண்டைக்குத்தான் கோயிலில நிலத்தில இருக்கமாட்டன் எண்டு நிண்டவன்" என்றார்.